சர்வரின் பிழைச் செய்தியும் சங்கத்தின் கணக்கும்

நமது சங்கங்களின் பேரேடு மரப்பீரோவை விட்டுக் கணினிக்குள் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பேரேட்டின் தாள் கிழிந்தால் என்ன செய்வது என்பதை நன்கு அறிந்திருந்த நாம், கணினிக்குள் இருக்கும் பேரேட்டின் தாள் கிழிந்தால் செய்ய வேண்டியதை இன்னும் கற்கவில்லை என்றே கூற வேண்டியிருக்கிறது. கிழிந்தது என்ற செய்திகூட நமக்கு விளங்கும் மொழியில் வருவதில்லை. இரவில் சர்வர் தானே நடத்திய பராமரிப்பு வேலை தவறிவிட்டது என்று காலையில் திரையில் ஒரு வரி தோன்றுகிறது. அருகில் ஓர் எண். எழுத்தர் அதைக் காரியதரிசியிடம் கூறுகிறார். காரியதரிசி கணினிக்காரரைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்துகொண்டு, "ரிப்பேர் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். அந்த ஒரு சொல்லால் ஓர் அங்கத்தினர் செலுத்திய கடன் தவணை கணக்கிலிருந்து மறைந்துவிடக் கூடும். மறைந்தது எவருக்கும் தெரியாமலும் போகக் கூடும். அது எவ்வாறு நேர்கிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

விளக்கத்தின் பொருட்டு, அத்திப்பட்டில் நெசவாளரும் பயிரிடுவோரும் அங்கத்தினராயுள்ள ஒரு சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணூரைத் தாண்டி கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயிலில் செல்வோர் அவ்வூரை அறிவர். பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையம். அதன் முதல் அலகு 1994-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும், 2014 முதல் காமராசர் துறைமுகம் என்ற பெயருடன், அருகிலேயே இருக்கிறது. மின்சாரம் பிறக்கும் ஊராயிற்றே, அங்குள்ள அலுவலகத்தில் விளக்கு அணையுமா என்று கேட்கலாம். அணையும். அனல்மின் நிலையத்தின் மின்சாரம் பெருங்கம்பிகளின் வழியே தொலைதூரம் செல்கிறது. சங்கத்துக்கு வருவதோ தெருமுனை டிரான்ஸ்பார்மரின் வழியாகத்தான். அத்துடன் உப்புக் காற்று கம்பியின் முனைகளையும் கணினியின் இணைப்புகளையும் மெல்ல மெல்ல அரித்துவருகிறது. ஆகவே நமது எடுத்துக்காட்டுக்கு இவ்வூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

சங்கத்தில் மூன்று கணினிகள் வைத்துக்கொள்வோம். ஒன்றில் காசாளர் ரசீது போடுகிறார். ஒன்றில் நூல் இருப்பும் நெசவுக்கூலியும் பதிகின்றனர். மற்றொன்று காரியதரிசியின் மேசையில் இருக்கிறது. இம்மூன்றும் கம்பியால் இணைந்து, உள்ளறையில் உள்ள சர்வருடன் பேசுகின்றன. உண்மையான கணக்கு சர்வரில் மட்டுமே உள்ளது. அதைத் தரவுத்தளம் என்பர். நாம் இங்கே மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் என்னும் பெயருள்ள தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்கிறோம். வேறு மென்பொருள் வைத்திருப்போருக்கு எண்கள் மாறும். நடைமுறை பெரிதும் மாறாது.

தரவுத்தளம் தன் கணக்கை 8,192 பைட்டுகள் கொண்ட பக்கங்களாக எழுதிவைக்கிறது. பேரேட்டின் பக்கம் போன்றதே இதுவும். ஒரு ரசீதின் பதிவுக்கு ஏறக்குறைய 200 பைட்டு பிடிக்குமானால், ஒரு பக்கத்தில் 40 ரசீதுகள் அடங்கும். இந்த 40 என்னும் எண்ணை அங்கத்தினர்கள் நினைவில் வைக்கவேண்டும். பின்னால் மீண்டும் வரும். 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பக்கத்தை வட்டில் எழுதும்போது அதிலுள்ள எழுத்துகள் யாவற்றையும் கூட்டிச் சரிபார்ப்புத் தொகை ஒன்றைக் கணக்கிட்டுப் பக்கத்தின் தலைப்பில் குறித்துவைக்கும் ஏற்பாடு வந்தது. மறுபடி படிக்கும்போது அத்தொகை ஒத்துவராவிட்டால் 824 என்ற எண்ணுடன் பிழை எழும். நூல் சிட்டத்துக்கு எடைச்சீட்டுக் கட்டி அனுப்பி, வந்தபின் மறுபடி நிறுத்துப் பார்ப்பது போன்றது இது. எடை குறைந்தால் வழியில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அறிகிறோம். என்ன நேர்ந்தது என்பதைச் சீட்டு சொல்லாது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மேலேற்றிய தரவுத்தளங்களில் இவ்வேற்பாடு தானாகத் தொடங்குவதில்லை என்பதை இங்கேயே கூறிவிடுகிறோம். அதனைக் கேட்டுத் தொடங்கச் செய்யவேண்டும்; தொடங்கிய பின்னும், மீண்டும் எழுதப்படும் பக்கங்களுக்கு மட்டுமே சீட்டு கட்டப்படும்.

பக்கங்கள் யாவும் செம்மையாக உள்ளனவா என்று பார்ப்பதற்கு டி.பி.சி.சி. செக்-டி.பி. என்றொரு கட்டளை உண்டு. இதை வாரந்தோறும் இரவில் நடத்துமாறு பராமரிப்புத் திட்டம் அமைப்பது வழக்கம். இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பில் இரவு வேலைகளைத் தானே நடத்தும் உறுப்பு கிடையாது. அதை வைத்துள்ள சங்கங்கள், விண்டோஸின் நேரஅட்டவணையைக் கொண்டு தனியே ஏற்பாடு செய்தாலொழிய, சோதனை நடைபெறுவதே இல்லை. நம் திரையில் பிழையே வந்ததில்லை என்று மகிழும் காரியதரிசி, சோதனை என்ற ஒன்று நடந்ததா என்று முதலில் விசாரிக்கவேண்டும்.

சோதனை நடந்து பிழை வந்துவிட்டது என்று கொள்வோம். அந்தப் பிழை இரண்டு இனங்களில் எதைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதே முதற்காரியம். பராமரிப்புக் கருவி தன் வேலையைச் செய்ய முடியாமல் நின்றது என்பது ஓரினம். கருவி தன் வேலையைச் செவ்வனே செய்து, கணக்கில் சிதைவு இருக்கக் கண்டது என்பது மற்றோரினம். தணிக்கையாளர் பேருந்து கிடைக்காமல் வரவில்லை என்பதற்கும், வந்து பார்த்துக் கணக்கில் குறை கண்டார் என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. இரண்டையும் "பிழை" என்ற ஒரே சொல்லால் திரை குறிப்பதால்தான் குழப்பம் விளைகிறது.

முதலினத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்தது. அதில் எஸ்.க்யூ.எல்.மெயின்ட் என்ற கருவி இரவு வேலைகளை நடத்தியது. வேலை தவறினால் 22029 என்ற எண்ணுடன், "எஸ்.க்யூ.எல்.மெயின்ட் தவறிவிட்டது" என்று மட்டும் கூறும், ஏன் தவறியது என்று கூறாது. காரணம் வேறோரிடத்தில், அக்கருவி எழுதிவைக்கும் அறிக்கைக் கோப்பில் இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் பலமுறை காணக்கிடைத்த காரணம் விந்தையானது. திட்டத்தை அமைத்தவர், "சிறு பழுதுகளைச் சரிசெய்ய முயல்க" என்றிருந்த கட்டத்தில், நல்லதுதானே என்று குறியிட்டிருப்பார். பழுதுபார்க்கும் ஆணைக்கோ தரவுத்தளம் ஒருவர் மட்டுமே நுழையும் நிலையில் இருந்தாக வேண்டும். இரவில் ஒரு கணினியைக் காசாளர் மூடாமலே வீடு சென்றிருப்பார். ஆகவே கருவி கதவருகே நின்று, உள்ளே ஆள் இருப்பதால் நுழைய இயலவில்லை என்று திரும்பிவிடும். 5030, 7919 என்னும் எண்கள் இதனையே குறிப்பன. இங்கே பழுது எதுவுமே இல்லை. பழுதில்லாத இடத்தில் பழுதுபார்க்க ஆணையிட்டதே பிழை. குறியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பிற்காலப் பதிப்புகளின் திட்டங்களில் அக்கட்டமே இல்லை. அப்பழைய பதிப்புக்கான ஆதரவை நிறுவனம் 2013 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. இன்னும் அதனை ஓட்டுவோர் இருந்தால், அவர்கள் முதலில் தீர்க்கவேண்டிய பிழை 22029 அன்று.

வட்டில் இடம் போதாமையும் இவ்வினத்ததே. சோதனை நடக்கும்போது தரவுத்தளத்தின் ஒரு கணத்து உருவத்தை மறைவாக எடுத்துவைத்துக்கொண்டு அதையே கருவி ஆராய்கிறது. அவ்வுருவத்தை அமைக்க முடியாவிட்டால் 7928 வரும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜி.பி.க்கு மேல் வளர இயலாது என்ற வரம்பும், 2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை, இருந்திருக்கிறது. இவற்றில் அச்சமுறுவதற்கு ஏதுமில்லை. இடம் செய்துகொடுத்து வேலையை மறுபடி நடத்தினால் போதும். ஆனால் மறுபடி நடத்தியே ஆகவேண்டும். வராத தணிக்கையாளர் குறையில்லை என்று எழுதிக்கொடுத்துவிடவில்லை அல்லவா?

இரண்டாமினம் வேறு. 824 என்றோ, 8928, 8939 என்றோ எண்கள் வரிசையாக வந்து, இறுதியில் இத்தனை சிதைவுகள் காணப்பட்டன என்ற தொகையும் வருமானால், ஒருவரும் எதையும் தொடாதிருப்பதே முதற்கடமை. கணினியை அணைத்துப் போடுதல், மென்பொருளை மறுபடி நிறுவுதல், தரவுத்தளத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தல் ஆகிய மூன்றும் நம்மவர் உடனே செய்ய முனைவன. இவற்றில் மூன்றாவது மிகவும் தீது. சிதைந்த தரவுத்தளத்தைக் கழற்றிவிட்டால், மறுபடி மாட்டும்போது சர்வர் அதை ஏற்க மறுக்கலாம். அப்போது படிக்கக் கிடைத்த பக்கங்களும் எட்டாமற்போகும்.

ஆகவே காசாளரின் பதிவை நிறுத்தி, ரசீதுகளைக் கையால் எழுதச் சொல்லவேண்டும். பின்னர் அச்செய்தி முழுவதையும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். திரையின் மேற்பாதியைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது போதாது. கருவி இன்றியமையாத செய்தியைக் கடைசியில்தான் கூறுகிறது. அங்கே, இச்சிதைவைச் சீராக்க வேண்டிய குறைந்த அளவு நடவடிக்கை எது என்று ஒரு பெயர் இருக்கும். இடையில் உள்ள வரிகளில் இன்டெக்ஸ் ஐ.டி. என்ற குறிப்பும் ஓர் எண்ணும் காணலாம். அந்த எண் 2 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் சிதைந்தது அட்டவணை மட்டுமே. பேரேட்டின் முதலில் ஒட்டியுள்ள பெயரகராதி கிழிந்தால், பேரேட்டைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல அட்டவணையை மூலப் பதிவுகளிலிருந்து திரும்ப அமைக்கலாம், இழப்பில்லை. எண் 0 அல்லது 1 ஆயின் சிதைந்தது மூலப் பதிவே. இங்கேதான் "ரிப்பேர்" என்ற சொல்லின் பொருளை நன்கு உணர வேண்டும்.

அப்பழுதுபார்க்கும் ஆணையின் பெயரிலேயே, தரவு இழப்பை அனுமதித்துச் சீராக்குக என்ற பொருள் வெளிப்படையாக இருக்கிறது. அது செய்வது இதுதான்: படிக்க முடியாத பக்கத்தைப் பேரேட்டிலிருந்து கிழித்தெறிந்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒட்டி, எண்களைத் தொடர்ச்சியாக்கிவிடும். நாம் முன்னர்க் குறித்த 40 ரசீதுகளும் அப்பக்கத்தோடு போய்விடும். தறியில் பாவிழை ஒன்று அறுந்தால் நெசவாளர் அதன் முனையைத் தேடி, உரிய விழுதின் வழியாகவும் அச்சின் பல்லின் வழியாகவும் கொணர்ந்து முடிகிறார். இந்தக் கருவி முடிவதில்லை. அறுந்த இழையோடு பக்கத்து இழைகளையும் உருவிவிட்டு, துணி நெருக்கமாக இருக்கிறது என்று காட்டுகிறது. அதன்பின் சோதனையை மறுபடி நடத்தினால் சிதைவு ஒன்றுமில்லை என்று வரும். அது பொய்யும் அன்று. தரவுத்தளம் தனக்குத்தான் முரணில்லாமல் இருக்கிறதா என்பதே கருவி அறிந்த கேள்வி. சங்கத்தில் நடந்தவை யாவும் அதில் உள்ளனவா என்பதைக் கருவி அறியாது. ஒரு பதிவேடு மற்றொரு பதிவேட்டைச் சுட்டும் தொடர்புகள் அறாமல் இருக்கின்றனவா என்பதைக்கூட இப்பழுதுபார்ப்பு கவனிப்பதில்லை. அதற்குத் தனிச் சோதனை நடத்தவேண்டும் என்று அம்மென்பொருளின் கையேடே கூறுகிறது.

அந்த 40 ரசீதுகளில் என்ன இருந்திருக்கும்? பயிரிடுவோர் ஒருவர் உரிய தவணைக்குள் பயிர்க்கடனைத் திருப்பிச் செலுத்தினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. செலுத்திய ரசீது கணக்கில் இல்லாவிட்டால், அவர் தவணை தவறியவராகிறார். வட்டிச் சலுகையும் போகும், அடுத்த பருவத்துக் கடனும் தடைப்படும். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியை அறிவித்தபோது, அவ்வாண்டு ஜனவரி 31-ஆம் நாளன்று நிலுவையில் இருந்த கடன்களே கணக்கில் கொள்ளப்பட்டன. 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். அன்றைய நாளில் ஒரு சங்கத்தின் கணக்கில் ஒரு பதிவு இல்லாதிருந்தால் அதன் விளைவு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெசவாளர் பக்கமும் இவ்வாறே. 1975 முதல் நடைபெற்றுவரும் கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தின்படி, கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது. 1,500 ரூபாய்க் கூலிப் பதிவு ஒன்று மறைந்தால் அவருடைய 120 ரூபாயும் அரசின் 60 ரூபாயும் உடன் மறைகின்றன. கூலியோ அன்றே கையில் வாங்கியாயிற்று. ஆகையால் அவர் ஐயுறுவதற்கும் காரணமில்லை. முதுமையில் கணக்கை முடிக்கும்போது தொகை குறைவதைக் கண்டு வியப்பார். அதற்குள் வவுச்சர் கரையானுக்கு இரையாகியிருக்கும்.

எனவே பழுதுபார்க்கும் ஆணை கடைசி மருந்து. அதற்குமுன் செய்யவேண்டியவை சில உள்ளன. சிதைந்த நிலையிலேயே தரவுத்தளத்துக்கும், அண்மைய மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புக்கும் நகல் எடுத்து வேறு வட்டில் வைக்கவேண்டும். நோயாளி இறப்பினும் உடல் சோதனைக்குக் கிடைக்கவேண்டும் என்று இதனைக் கூறினால் சற்றுக் கடுமையாகத் தோன்றும். ஆயினும் கருத்து அதுவே. அடுத்து, வட்டையும் மின்சாரத்தையும் பார்க்கவேண்டும். பக்கம் எழுதியபோது இருந்தது படிக்கும்போது மாறியிருந்தால், காரணம் பெரும்பாலும் வட்டு, அதன் கட்டுப்பாட்டு அட்டை, கம்பி, அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போது நின்ற மின்சாரம். அதைச் சீராக்காமல் தரவுத்தளத்தை மட்டும் சீராக்குவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும். 825 என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். வட்டிலிருந்து ஒரு பக்கம் முதல் முயற்சியில் வராமல் மறுமுயற்சியில் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். வேலை நடந்துவிட்டதால் அதன் கடுமை 10 என்று மட்டுமே குறிக்கப்படுகிறது, 824-க்கோ 24. ஆகவே 825-ஐ ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் வட்டு கெடப்போகிறது என்பதற்கு அதனினும் நல்ல முன்னறிவிப்பு கிடைப்பது அரிது.

பின்னர், காப்பு நகலைத் தேடவேண்டும். பேக்கப் என்று நாம் வழங்குவது இதுவே. அதை இருக்கும் தரவுத்தளத்தின் மேல் ஏற்றிவிடாமல், வேறொரு கணினியில் வேறு பெயரில் ஏற்றி, அங்கேயும் சோதனை நடத்திப் பார்க்கவேண்டும். சிதைவு ஒரு மாதமாக இருந்து, நகலிலும் புகுந்திருந்தால் அதற்கு முந்திய நகலுக்குப் போகவேண்டும். நல்ல நகல் கிட்டி, அன்றுமுதல் இன்றுவரையிலான பதிவுக் கோப்பின் நகல்களும் தொடர்ச்சியாக இருக்குமானால், சிதைந்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்பப் பெறும் வழியும் உண்டு. ஒரு ரசீதும் போகாது. பதிவுக் கோப்பின் நகல் எடுக்கும் வழக்கமே இல்லாத சங்கத்தில், நல்ல நகலின் தேதிக்குப் பிந்திய ரசீதுகளை அடிக்கட்டையிலிருந்து மறுபடி பதியவேண்டும். இரண்டு நாள் வேலைதான், தயங்கலாகாது. சிதைந்த தரவுத்தளத்தின் கெடாத பகுதிகளைப் படித்துப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளவும் முடியும்.

நகல் இருக்கிறது என்று நம்பியிருந்து ஏமாறுவோர் நாம் மட்டும் அல்லர். 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் என்ற புகழ்பெற்ற கணினி நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், நள்ளிரவு நெருங்கும் வேளையில், கோளாறு ஒன்றைச் சரிசெய்யும்போது இடம் மாறிக் கட்டளையிட்டு, ஏறக்குறைய 300 ஜி.பி. அளவுள்ள உயிர்ப்பான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நிறுத்தியபோது எஞ்சியிருந்தது 4.5 ஜி.பி. காப்பு நகலைத் தேடினால், நகல் எடுக்கும் கருவி தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாததாயிருந்து நெடுநாளாகத் தவறிவந்தது தெரிந்தது. தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் எவரிடமும் சேரவில்லை. சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின. அந்நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் உலகுக்கு எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. நமது பொதுக்குழுக்களில் இத்தகைய வெளிப்படையான அறிக்கையை நாம் இன்னும் அதிகம் கேட்டதில்லை.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களின் அங்கத்தினர்கள், இனி எல்லாம் பொது மென்பொருளுக்கு மாறுகிறதே, உள்ளறைச் சர்வரைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கக்கூடும். 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது உண்மையே. ஆனால் புதிய வீட்டுக்குப் பழைய வீட்டின் சாமான்கள்தாமே போகின்றன? பழைய சர்வரில் பக்கம் கிழிந்திருந்தால் புதிய கணக்கு அக்கிழிசலோடுதான் தொடங்கும். பெயர்ப்பதற்கு முன் சோதனை நடத்தி, நாட்குறிப்பின் கூட்டுத்தொகையையும் பேரேட்டின் கூட்டுத்தொகையையும் வைத்து ஒத்துப்பார்ப்பதே தக்கது. நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்துக்கு வெளியே நிற்பவை. அவற்றின் கணக்குக்கு அவையே காவல். நமது திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ல் தோன்றிய கடன் சங்கம் நாட்டின் முன்னோடிச் சங்கங்களுள் ஒன்று. அன்றைய பேரேட்டை எந்த அங்கத்தினரும் தம் கண்ணால் பார்க்க முடிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளநீர், கசிந்த எண்ணெயையும் ஏந்திக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க முடியாது. தரையில் வைத்த சர்வரும், அதன் பக்கத்திலேயே வைத்த காப்பு வட்டும் அத்தகைய நாளில் ஒன்றாகவே போகும். ஒரு நகலாவது மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ வேறொரு கூரையின் கீழ், கம்பியிலிருந்து கழற்றிய நிலையில் இருக்கவேண்டும். யு.பி.எஸ். பேட்டரியின் வயதைச் சங்கத்தில் எவரேனும் அறிவாரா என்பதையும் கேட்டுவைக்கலாம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காரியதரிசியிடம் கேட்க வேண்டியது, பேக்கப் எடுக்கிறீர்களா என்பதன்று. கடைசியாக எந்தத் தேதியில், எந்தக் கணினியில் அதை ஏற்றிப் பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் ஆயிற்று, அன்றைய ரொக்க இருப்பு நாட்குறிப்போடு ஒத்ததா என்று கேட்கவேண்டும். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் வேண்டும். பழுதுபார்ப்பு நடந்துவிட்ட சங்கமாயின், எந்த நாள் முதல் எந்த நாள் வரையிலான பதிவுகள் ஐயத்துக்குரியவை என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அங்கத்தினர்களைப் பாஸ் புத்தகத்துடனும் ரசீதுகளுடனும் வரச்சொல்லலாம். அங்கத்தினரின் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் ரசீதும் ஒரு காப்பு நகலே. சர்வரில் இல்லாத பதிவு அதில் இருந்தால், காசாளர் அதைப் பார்த்துப் பதிந்து, பக்கத்தில் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.